சார்னோகைட்டின் வயது 250 கோடியா, 55 கோடியா?

நிலவியல் மாணவன்:
வணக்கம். பல்லாவரத்திலும் நீலகிரியிலும் உள்ள சார்னோகைட் என்ற பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது என்று படித்தேன். கேரளத்தின் பொன்முடியில் இருப்பதற்கோ ஏறத்தாழ 55 கோடி என்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை நிறத்தில்தான் இருக்கின்றன. வயதில் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபாடு?

பாறைப்பித்தன்:
பாறையின் தோற்றம் அது தாங்கிய வெப்பத்தையும் அழுத்தத்தையும் காட்டுமே தவிர, காலத்தைக் காட்டாது. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் குறைந்த சூழலில், நைஸ் என்ற வரிவரியான பாறையிலுள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் என்ற நீர் கொண்ட கனிமங்கள் சிதைந்து ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரற்ற கனிமம் உருவாகும்போது அது சார்னோகைட் ஆகிறது. (மாக்மா எனும் பாறைக்குழம்பிலிருந்து நேரடியாகப் படிகமான சார்னோகைட்டும் உண்டு, அது தனிக்கதை.) கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் இந்த மாற்றம் பாதியில் நின்ற நிலையிலேயே காணக்கிடைக்கிறது: சாம்பல் நிற நைஸின் வரிகள் கரும்பச்சைத் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி மறைந்துவிடுகின்றன. பொன்முடியிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். ஆனால் முன்னது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. பின்னது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் நிகழ்ந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மேலே சொன்னது சரி. அதோடு, வயது என்று ஓர் எண்ணைக் கண்டால் அது எந்த நிகழ்வின் வயது என்று முதலில் கேளுங்கள். பாறையிலுள்ள சிர்கான் என்ற கனிமம் படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொண்டு ஈயத்தை அநேகமாக ஒதுக்கிவிடுவதால், இன்று அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியச் சிதைவில் விளைந்ததே. யுரேனியம்-238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235இன் அரை ஆயுள் சுமார் 70 கோடி ஆண்டுகள். இரண்டும் ஒரே விடையைத் தந்தால் அந்த வயதை நம்பலாம். மணல்துகள் அளவுள்ள சிர்கானைப் பாதியாகத் தேய்த்து மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையில் ஒளிரவைத்துப் பார்த்தால், மாக்மாவில் வளர்ந்த வரிவரியான கருவும், பிற்காலத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் நிகழ்ந்த உருமாற்றத்தில் அதைச் சுற்றிப் படிந்த விளிம்பும் தனித்தனியே தெரியும். மதுரைத் தொகுதி என்ற தென்னிந்திய நிலவியல் பகுதியின் சில பாறைகளில் கரு சுமார் 250 கோடியும் விளிம்பு சுமார் 55 கோடியும் காட்டுகின்றன. அந்த மணியை முழுதாகக் கரைத்து அளந்தால், எந்த நிகழ்வுக்கும் பொருந்தாத ஓர் இடைப்பட்ட எண்தான் கிடைக்கும்.

நிலவியல் மாணவன்:
மிக்க நன்றி ஐயா. பயோட்டைட்டை, பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயுவாவதை வைத்து வயது காணும் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்தாலும் இதே வயது வருமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பொதுவாக வராது. சுமார் 300 டிகிரிக்கு மேல் பயோட்டைட்டிலிருந்து ஆர்கான் கசிந்துவிடும். ஆகவே பாறை அந்த வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்த காலத்தையே அது காட்டும். உருமாற்றம் உச்சத்தில் இருந்த காலத்துக்குச் சிர்கானின் விளிம்பையோ மோனசைட் என்ற கனிமத்தையோதான் நாட வேண்டும்.