பாசி எடுக்கும் பெண்கள்: 1930-க்கு முந்தைய சான்று எங்கே கிடைக்கும்?

வணக்கம். மண்டபம் பக்கம் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளைப் பறிக்கும் பெண்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கேட்கிறோம். 21 தீவுகளும் தேசியப் பூங்கா. விரலில் துணி சுற்றிப் பாறையில் கை வைத்தாலே வழக்கு வருமோ என்ற பயம். தேசியப் பூங்காவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், அதில் சிக்கலில்லை.

இடிக்கிறது ஒன்றுதான். பழங்குடி அல்லாதோர் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்டணும். விதி 13 இரண்டு சான்றாவது கேட்கிறது. பெரியவர்கள் வாக்குமூலம் எழுதி வாங்கியாச்சு. ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாம் பிந்தியவை. பாசி வியாபாரமே 1960-களில்தான் சூடுபிடித்தது. அதற்கு முன் இதே குடும்பங்கள் சங்கும் மீனும் எடுத்ததைத்தான் காட்ட முடியும்.

இந்தக் கரையை ஆண்ட ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்தின் சங்குக் குத்தகைக் கணக்குகளை எந்தக் காப்பகத்தில், எந்தத் தலைப்பில் தேடணும்?