மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற பெட்ரூமுக்கு எத்தனை டன் ஏசி?

மேற்குஜன்னல்:
சென்னை, மூணாவது மாடி ஃபிளாட். மேலே மொட்டை மாடிதான். பெட்ரூம் 12க்கு 12, உயரம் 10 அடி. மேற்குச் சுவர்ல 4க்கு 4 ஜன்னல், சாதாக் கண்ணாடி. படுக்கிறது மூணு பேர். கடையில 1 டன் தாராளம்ங்கிறாங்க. அக்கம்பக்கத்துல எதுக்கு வம்பு, 2 டன்னாப் போட்டுடுங்கன்னு சொல்றாங்க. இந்த மாதிரி ரூமுக்கு ஏசி போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க.

ஹீட்லோடு:
கடைக்காரர் சொல்கிற சதுர அடிக் கணக்கு, தலைக்கு மேல் இன்னொரு வீடு இருக்கிற அறைக்கு. உங்கள் தலைக்கு மேல் இருப்பது வெயில். கூட்டிப் பார்த்துவிடலாம். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) சூட்டை வெளியேற்றும் திறன், அதாவது 3,517 வாட்.

தட்டு ஓடு, பெயிண்ட் எதுவும் இல்லாத வெறும் கான்கிரீட் தளம் என்றால், 144 சதுர அடி வழியாக மே மாதத்தில் சுமார் 1,100 வாட் சூடு இறங்கும். நேர் வெயில் விழும் அந்த ஜன்னல் நாலு மணிக்கு 700 வாட் தரும். மேற்குச் சுவர் 300க்குக் கொஞ்சம் மேல். ஏசி இல்லாத பக்கத்து அறைகளிலிருந்தும் கீழ்த்தளத்திலிருந்தும் 600. ஆளுக்கு 100 என்று மூவருக்கு 300. ஃபேன், லைட், டிவி 150. கதவிடுக்கில் நுழைகிற ஈரக்காற்றுக்கு 300. கடலோர ஊரில் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடக்கூடாது. மொத்தம் ஏறக்குறைய 3,500 வாட்.

ஜன்னலும் தளமும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாது. ஜன்னல் நாலு மணிக்கு. தளம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ஏழு, எட்டு மணிக்குத்தான் உள்ளே கக்கும். பொழுது சாய்ந்த பிறகும் சீலிங் கைக்குச் சுடுவது அதனால்தான். அப்படிப் பார்த்தால் 3,500 கொஞ்சம் கூடுதல் மதிப்பீடு. ஆனாலும் 1 டன் மெஷின் முழு மூச்சில் ஓடினால்தான் ஈடுகொடுக்கும். பகலெல்லாம் சூடேறிய சுவரையும் கட்டிலையும் மெத்தையையும் குளிர்விக்க மிச்சம் எதுவும் இருக்காது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, அதாவது தேவைக்கேற்ப கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகைதான் சரி. இதே அறை கீழ்த்தளத்தில், ஜன்னல் வடக்குப் பார்த்து இருந்தால் 1 டன் போதும்.

காயில்வாஷ்:
சார் சொன்னது கரெக்ட். ஆனா "ஒன்றரை டன்"னு பெட்டியில இருக்கிறதை மட்டும் பார்த்து வாங்காதீங்க. ஸ்டார் லேபிள்ல கூலிங் கெப்பாசிட்டி வாட்ல போட்டிருப்பாங்க, முழுத் திறன்ல (100 சதவீதம்) ஓடுறதுக்கு ஒண்ணு, பாதித் திறன்ல (50 சதவீதம்) ஓடுறதுக்கு ஒண்ணு. ஒன்றரை டன்னுன்னு விக்கிறதுல 4,700 வாட்டும் இருக்கு, 5,200 வாட்டும் இருக்கு. விலையைவிட அதைத்தான் முதல்ல ஒப்பிடணும். அந்த நம்பரும் வெளியில 35 டிகிரி வச்சு டெஸ்ட் பண்ணினது. வேலூர், திருச்சி பக்கம் 42 அடிக்கிறப்ப அதுல பத்துல ஒரு பங்கு குறையும்னு வச்சுக்கணும். திறனை நாமே கூட்டிக் குறைக்கிற "கன்வெர்ட்டிபிள்" மாடல்ல 110 சதவீதம்னு ஒரு மோடு இருக்கும், அதை நம்பி சின்ன மெஷின் எடுக்கக்கூடாது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஏற்கெனவே ஏசி இருந்து குளிரலைன்னா டன் பத்தலைன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. ஃபில்ட்டரைக் கழுவி, அவுட்டோர் காயிலைத் தண்ணி அடிச்சு, கால் மணி நேரம் ஓடவிட்டு ஒரு தெர்மாமீட்டர்ல பாருங்க. உள்ளே இழுக்கிற காத்துக்கும் வெளியே வர்ற காத்துக்கும் 8லேர்ந்து 12 டிகிரி வித்தியாசம் வந்தா மெஷின் நல்லா இருக்கு, ரூமுக்குத்தான் சின்னது. வித்தியாசமே 4, 5தான்னா கேஸ் லீக்கைப் பாருங்க. ஆனா ஏசியே 24 தொட்டு மெதுவா ஓடுறப்ப இதைப் பார்த்தா ஏமாந்துடுவீங்க. 18ல வச்சு, ஃபேனை ஹைல வச்சுப் பாருங்க.

மேற்குஜன்னல்:
அப்ப 2 டன் போட்டா என்ன தப்பு? சீக்கிரம் குளிரும், அணைச்சிடலாமே?

ஹீட்லோடு:
சீக்கிரம் குளிரும், ஆனால் காயாது. சென்னையில் ஏசிக்கு ஒரு முக்கிய வேலை காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவது. ட்ரெயின் பைப்புக்குக் கீழே பக்கெட் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சேர்ந்தால், அதற்கு மட்டும் 680 வாட் அளவு குளிர்ச்சி செலவாகியிருக்கிறது. உள் யூனிட்டில் இருக்கிற காயில் போதுமான நேரம் ஜில்லென்று இருந்தால்தான் இது நடக்கும். பெரிய மெஷின், அதுவும் இன்வெர்ட்டர் இல்லாதது, கொஞ்ச நேரத்தில் 24ஐத் தொட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். உள் ஃபேன் மட்டும் ஓடும். காயிலில் ஒட்டியிருந்த ஈரம் திரும்ப அறைக்கே வந்துவிடும். குளிருகிறது, ஆனால் போர்வை பிசுபிசுக்கிறது என்று புகார் வரும் வீடுகளில் பெரும்பாலும் விஷயம் இதுதான். இன்வெர்ட்டரும் ஓரளவுக்குக் கீழே வேகத்தைக் குறைக்க முடியாது. ஐப்பசி மழை ராத்திரியில் 2 டன் மெஷினுக்கு அந்த அறையில் வேலையே இருக்காது.

ஹாலும் திறந்த கிச்சனும் ஒன்றாக இருக்கிற வீடு வேறு கதை. அடுப்புக்கு மட்டும் 4,000 பிடியு கூட்ட வேண்டும். மாடிப்படி திறந்திருக்கிற டூப்ளெக்ஸுக்கு எத்தனை டன் போட்டாலும் பத்தாது. முதலில் கதவு போடுங்கள்.

தட்டுஓடு:
டன்னைக் கூட்டுவதற்கு முன் சூட்டைக் குறைக்கிற வழியும் இருக்கிறது. மொட்டை மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் உச்சி வெயிலில் தளத்தின் மேற்பரப்பு 10 டிகிரிக்கு மேல் குறையும். பாசி, தூசியை நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் அடித்தால் அடுத்த மழையில் உரியும். தூசி படிந்து பழுப்பேறினால் பலன் பாதியாகிவிடும், வருஷம் ஒருமுறை கழுவுங்கள். அபார்ட்மென்ட் என்றால் முதலில் அசோசியேஷனில் கேட்டுவிடுங்கள்.

ஜன்னலுக்கு உள்பக்கத் திரை போடுவதில் பெரிய லாபம் இல்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டியபின் அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கும். அதே காசில் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டினால் அந்த 700 வாட்டில் பெரும்பகுதி உள்ளேயே வராது.

காயில்வாஷ்:
மாட்டும்போது பார்க்க வேண்டியது. ஒன்றரை டன்னுக்குப் பெரும்பாலும் கால் இஞ்ச், அரை இஞ்ச் காப்பர் பைப். வெல்டிங் இல்லாம ஒரே நீளமா போடச் சொல்லுங்க. ஆர்-32 கேஸ் மெஷினுக்கு வேக்யூம் பம்ப் வச்சு பைப்புல இருக்கிற காத்தையும் ஈரத்தையும் 20, 30 நிமிஷம் இழுக்கணும். கேஸை லேசாத் திறந்து காத்தை வெளியே தள்ளினாப் போதும்னு சொல்ற ஆளை அனுப்பிடுங்க. உள்ளே ஈரம் நின்னா கம்ப்ரஸர் போயிடும். ஒயர் 4 ஸ்கொயர் எம்எம் தனி லைன், 20 ஆம்பியர் சி டைப் எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா அணையிற சுவிட்ச்). அவுட்டோர் யூனிட்டை டக்டுக்குள்ள (கட்டடத்துல பைப் இறங்குற இடுக்கு) மாட்டினா தன் சூட்டுக்காத்தைத் தானே திரும்ப இழுக்கும், அப்புறம் ஒன்றரை டன்னும் 1 டன் மாதிரிதான் வேலை செய்யும். பின்னாடி ஒரு அடி, முன்னாடி மூணு அடிக்கு மேல திறந்த வெளி வேணும். மொட்டை மாடியில வச்சா மேலே நிழலுக்கு ஒரு ஷீட் போடலாம், ஆனா நாலு பக்கமும் மூடிடக்கூடாது.