மேலத்தெரு உதவிக் குழு: ட்ரஸ்ட் பத்திரமும் ஆக்சிஜன் மெஷினும்

சார்வாள், மாலை 6:42
நம்ம ட்ரஸ்ட் பத்திரத்துல நோக்கம்னு போட ஒரு வாசகம் எழுதியிருக்கேன், பாருங்க. "செங்கோட்டை மேலத்தெரு உறவின்முறை மக்களுக்கு நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி முதலியவற்றை இலவசமாக உபயோகத்துக்கு வழங்குதல்." சரியா இருக்கா தம்பி?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, 6:55
சார்வாள், கோவிச்சுக்கிடாதீங்க. இந்த ஒரு வரியிலேயே ரெண்டு வில்லங்கம் இருக்கு. "உறவின்முறை"ன்னு எழுதினா ஒரு சாதிக்காரங்களுக்கு மட்டும் உள்ள அறக்கட்டளைன்னு எடுத்துக்கிடுவாவ, வருமான வரி விலக்கு போயிரும். "சாதி, மத வேறுபாடின்றிப் பொதுமக்களுக்கு"ன்னு மாத்துங்க.
ரெண்டாவது, "செங்கோட்டை".

மெடிக்கல் அண்ணாச்சி, 6:57
ஊர் பேர் இல்லாம எப்படிடே?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, 7:01
ட்ரஸ்ட் பேர்லயும் முகவரியிலயும் இருக்கட்டும் அண்ணாச்சி. நோக்கத்துல வேண்டாம். புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளாவுல உள்ள ஆரியங்காவு, தென்மலையில இருந்து கட்டில் கேட்டு ஆள் வருதாவல்லா? பத்திரத்துல செங்கோட்டைன்னு மட்டும் இருந்தா, அந்தக் கட்டில் நோக்கத்துக்கு வெளிய போன கணக்கு. "இந்தியாவுக்குள்"ன்னு போட்டாப் போதும். அதுக்காக "உலகெங்கும்"னும் எழுதிராதீங்க. வெளிநாட்டுல செலவழிக்கிறதுக்கு விலக்கு கிடையாது.

சார்வாள், 7:04
1956 நவம்பர் 1 வரைக்கும் நாமளே திருவிதாங்கூர்-கொச்சிதானடே. ஆரியங்காவை எப்படித் தள்ளி வைக்க? மாத்திருதேன்.

பேங்க் அக்கா, 7:10
ட்ரஸ்டுக்குப் பதிலா சங்கமாப் பதிஞ்சா என்ன தம்பி?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, 7:18
பதியலாம்க்கா. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைஞ்சது 7 பேர், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ். ஆனா வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் பண்ணி, நிர்வாகி மாறினா அதுக்கு ஒரு படிவம் கொடுத்து, எல்லாத்தையும் நாள் தவறாமச் செய்யணும். சின்ன ஊர்ச் சங்கம் படுத்துருதது பெரும்பாலும் இதுலதான். பழைய செயலாளர் நோட்டை வீட்டுல வச்சிருப்பாரு, புதுச் செயலாளருக்கு எந்த வருஷம் வரைக்கும் தாக்கல் ஆயிருக்குன்னே தெரியாது.
ட்ரஸ்ட்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு பத்திரத்தோட முடிஞ்சுது. ஆனா அதுலயும் ஒரு சங்கடம் உண்டு. ஒருதடவை எழுதினா எழுதினதுதான், நெனச்சபடி திருத்த முடியாது. அதனால மூணு பிரிவு கட்டாயம் வேணும்: எப்படித் திருத்தம் செய்யலாம், ட்ரஸ்டை எழுதினவர் திரும்ப எடுத்துக்கிட முடியாது, கலைச்சா மிச்சச் சொத்து இதே நோக்கம் உள்ள இன்னொரு ட்ரஸ்டுக்குத்தான் போகும். கடைசிப் பிரிவு இல்லாம 12ஏ, அதான் ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்குப் பதிவு, கேட்டுப் போனா கேள்வி மேல கேள்வி வரும்.

பேங்க் அக்கா, 7:22
பான் கார்டு ட்ரஸ்ட் பேர்ல வந்த பெறவுதான் பேங்க் கணக்கு. அதுவரைக்கும் யாரும் சொந்த ஜிபேயில நன்கொடை வாங்கப்படாது. பின்னால அது அந்த ஆளோட வருமானம் இல்லைன்னு நிரூபிக்கிறது பெரும்பாடு.

மெடிக்கல் அண்ணாச்சி, 7:25
80ஜி, அதான் நன்கொடை கொடுக்கிறவங்களுக்கு உள்ள வரிக் கழிவு, எப்பக் கெடைக்கும்? அது இருந்தாத்தான தருவாவ.

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, 7:33
12ஏ, 80ஜி ரெண்டுக்கும் சேர்த்தே போடலாம். புது ட்ரஸ்டுக்கு முதல்ல 3 வருஷத் தற்காலிகப் பதிவு. எல்லாரும் கோட்டை விடுதது அதுக்கு அடுத்த படியில. வேலையை ஆரம்பிச்ச 6 மாசத்துக்குள்ள, இல்லைன்னா 3 வருஷம் முடிய 6 மாசம் இருக்கும்போது, இதுல எது முந்தி வருதோ அதுக்குள்ள நிரந்தரப் பதிவுக்குப் போடணும். "3 வருஷம் இருக்கே"ன்னு உக்காந்துட்டா அம்புட்டுதான். 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், செக்ஷன் நம்பர் எல்லாம் வேற. பேச்சுக்குப் பழைய பேரையே சொல்லிக்கிடுவோம்.
இன்னொண்ணு அண்ணாச்சி, 80ஜியை ரொம்ப நம்பாதீங்க. புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு அதனால ஒரு பைசா லாபம் இல்ல. பழைய முறைக்காரங்களுக்கும் 2,000க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா கழிவு கிடையாது.

துபாய் மச்சான், 7:40
நாங்க ரூம்ல பத்துப் பேர் இருக்கோம். பிரிச்சு மொத்தமா என் கணக்குல இருந்து அனுப்பிரட்டா?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, 7:47
வேண்டாம் அத்தான், நில்லுங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவர் தன்னோட சொந்தச் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையே இல்ல. பாஸ்போர்ட் நகல் ஒண்ணு வாங்கி ரசீதோட கோத்து வச்சுக்கிடுவோம். ஆனா ரூம்ல ஒரு நேபாளியோ இலங்கைக்காரரோ நூறு திர்ஹாம் போட்டுட்டா அது வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்து அனுமதி, இல்லாமத் தொடக்கூடாது. மலேசியாவுல குடியுரிமை வாங்கின சித்தப்பா நம்ம ரத்தமா இருந்தாலும் சட்டத்துக்கு வெளிநாட்டுக்காரர்தான். ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குக் கொடுக்கிறது) வச்சிருக்கிறவரும் அப்படித்தான்.
அந்த அனுமதி நமக்கு இப்ப எட்டாது. 3 வருஷம் நடத்தி, நோக்கத்துக்கு 15 லட்சம் செலவழிச்சுக் காட்டணும், டெல்லி ஸ்டேட் பேங்க்ல தனிக் கணக்கும் வேணும். போக, அமீரகத்துல அனுமதி இல்லாம வசூல் பண்ணுததே குத்தம். உங்க பங்கை மட்டும் உங்க பேர்ல அனுப்புங்க.

துபாய் மச்சான், 7:49
நல்லவேளை கேட்டேன்.

பேங்க் அக்கா, 7:58
கட்டிலுக்கு வாங்குற டெபாசிட்டை நன்கொடைப் பக்கத்துல எழுதாதீங்க. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். சாமானைத் திருப்பும்போது "அதை நீங்களே வச்சுக்கோங்க"ன்னு சொல்லுவாவ. வாய்ச்சொல் போதாது. ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி, அன்னைக்குத் தேதியில ரசீது போட்டு, அப்புறம்தான் நன்கொடைக்கு மாத்தணும். அறங்காவலர் வீட்டுக்குக் கட்டில் போனாலும் இதே டெபாசிட், இதே ரிஜிஸ்டர். சலுகை காட்டினா விலக்குக்கே ஆபத்து.

நர்ஸ் மதினி, 8:15
டூட்டி முடிஞ்சு இப்பத்தான் பாத்தேன். பத்திரம் இருக்கட்டும், சாரல் வருது. 5 லிட்டர் ஆக்சிஜன் மெஷின் ரெண்டும் சார்வாள் வீட்டு மச்சுல கவர் போட்டுக் கெடக்குல்லா? அப்படிப் போடக்கூடாது.
உள்ள ஜியோலைட்னு குருணை மாதிரி ஒண்ணு இருக்கு. காத்துல உள்ள நைட்ரஜனை அதுதான் பிடிச்சு வச்சுக்கிட்டு ஆக்சிஜனை வெளிய விடுது. ஈரத்தைக் கண்டா நைட்ரஜனை விட்டுட்டு ஈரத்தைப் பிடிச்சுக்கிடும். மாசக்கணக்கா ஓடாமக் கெடந்த மெஷினைப் போட்டா சத்தம் வரும், குழாயில காத்தும் வரும், வாரது பாதி வெறுங்காத்து. வீட்டுக்காரங்க நல்லா ஓடுதுன்னு நெனைப்பாவ, நோயாளிக்கு மூச்சு வாங்கும். மாசம் ஒருக்கா ஒரு மணி நேரமாவது ஓட்டணும். கொடுக்கிறதுக்கு முன்ன ஆக்சிஜன் அளவு காட்டுற அனலைசர் வச்சுப் பாக்கணும். 90 சதவீதத்துக்கு மேல காட்டணும், 82க்குக் கீழ போனா ஒதுக்கிருங்க.

மெடிக்கல் அண்ணாச்சி, 8:19
தண்ணி பாட்டில்ல குமிழ் வரலன்னு போன் மேல போன் வருதே மதினி.

நர்ஸ் மதினி, 8:26
முக்கால்வாசி மூடி மரை கோணலா ஏறியிருக்கும், காத்து அங்கனயே ஒழுகிரும். கழத்தித் திரும்ப நேரா மூடச் சொல்லுங்க. சந்தேகம்னா மூக்குக் குழாய் நுனியை ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள விட்டா முட்டை முட்டையா வரணும். பாட்டில்ல டிஸ்டில்டு வாட்டர், இல்லைன்னா கொதிச்சு ஆறின தண்ணி, தெனம் மாத்தணும். பின்னால உள்ள பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருக்கா அலசி, நல்லாக் காய்ஞ்ச பெறவு மாட்டணும். சுவரோட ஒட்டி வச்சா சூடாகி நின்னுரும், ஒரு அடி இடம் விடுங்க. மெஷின் இருக்கிற ரூம்ல சாமி விளக்கு, பத்தி, பீடி எதுவும் ஆகாது. மூக்குக் குழாயைத் திரும்ப வாங்கி அடுத்த ஆளுக்குக் கொடுக்கவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாம மெஷினையும் கொடுக்காதீங்க, எத்தனை லிட்டர்னு அதுலதான் இருக்கும்.

சார்வாள், 8:30
ஆரியங்காவு ஆள்களுக்கு இதையெல்லாம் யாரு சொல்லிக் கொடுக்க?

நர்ஸ் மதினி, 8:36
அங்க பஞ்சாயத்துக்குன்னு வீட்டுக்கு வாற பாலியேட்டிவ் நர்ஸ், அதான் தீராத நோயாளியைப் பாத்துக்கிடுற நர்ஸ், உண்டு சார்வாள். சாமான் கொடுக்கும்போதே அவங்க நம்பரை வாங்கிப் பேசிருங்க, நம்ம ஆள் மலை ஏறி இறங்க வேண்டாம். இந்தப் பக்கம்னா மக்களைத் தேடி மருத்துவத்துல வாறவங்ககிட்ட சொல்லிரலாம். நம்ம ஒப்புதல் படிவத்தை மலையாளத்துலயும் அடிச்சு வைங்க. தமிழ்ல எழுதினதுல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுதாவ, பெறவு டெபாசிட் திரும்பி வாரதே தெரியலைங்காவ.

பேங்க் அக்கா, 8:38
செக்போஸ்ட்டுக்கு லெட்டர்ஹெட்ல ஒரு சீட்டும் வேணும். சாமான் பேர், சீரியல் நம்பர், "இலவச உபயோகத்துக்கு, விற்பனைக்கு அல்ல", சீல்.

மெடிக்கல் அண்ணாச்சி, 8:41
சக்கர நாற்காலி கேக்கிறவங்ககிட்ட கதவு அகலத்தையும் கேட்டு எழுதுங்க. 18 இஞ்ச் சீட்டுன்னா வெளி அகலம் 25, 26 வந்துரும். பழைய வீட்டுப் பாத்ரூம் கதவு 24தான். போன வண்டி அப்படியே திரும்புது.

நர்ஸ் மதினி, 8:43
சார்வாள், மச்சுல பிளக் பாயிண்ட் இருக்கா?

சார்வாள், 8:44
ஒரு லைட்டு மட்டுந்தாம்மா.

நர்ஸ் மதினி, 8:44
அப்ப நாளைக்குக் காலையில ரெண்டையும் கீழ இறக்கி வைங்க. அனலைசரோட வாரேன்.