கானாவாழை இலையில் துளை மூடியதைப் பார்த்த நாள்

எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி செமஸ்டரில் எனக்கு அமைந்த புராஜெக்ட் இலைத்துளை, அதாவது இலைத்தோலில் திறந்து மூடும் நுண்ணிய துளை. மழைக்காலத்தில் வரப்போரம் எங்கும் முளைத்துக் கிடக்குமே, அந்தக் கானாவாழைதான் செடி. இலையை ஒடித்து மெதுவாக இழுத்தால் அடித்தோல் கண்ணாடித்தாள் போல உரிந்து வரும். அதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மிதக்கவிட்டு இரண்டரை மணி நேரம் விளக்கடியில் வைப்பேன். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு அவரை விதைகள் எதிரெதிரே வளைந்து நிற்பது போலக் காப்புச் செல்கள், நடுவே நன்றாக விரிந்த துளை.

இதில் நீல ஒளிக்குத்தான் பெரிய பங்கு. சிவப்பை மட்டும் போட்டபோது துளை கொஞ்சம்தான் திறந்தது. அதோடு லேசாக நீலம் சேர்த்ததும் விரிந்துவிட்டது. நீல ஒளியை உணர்வது போட்டோட்ரோபின் என்ற புரதம் என்று 2001இல் தெளிவானது. அது தூண்டியதும் செல்சவ்வில் உள்ள பம்ப் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும். பொட்டாசியம் உள்ளே வரும், பின்னாலேயே தண்ணீரும். செல் புடைத்து வளையத் துளை திறக்கும்.

மூடுவதற்கு அப்சிசிக் அமிலம். மண் காயும்போது செடி தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் ஹார்மோன். அதை 10 மைக்ரோமோலார் செறிவில் கலந்து உரித்த தோலில் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாள் இதே கதை, அழுகையே வந்துவிட்டது. "பாட்டில் எங்கேம்மா இருந்தது?" என்று மேடம் கேட்டார். ஜன்னலோரம், வெயில் படும் இடத்தில். புற ஊதா ஒளி பட்டால் அந்த அமிலத்தின் மூலக்கூறு வடிவம் மாறிவிடும், மாறிய வடிவத்துக்குத் துளையை மூடும் வேலை தெரியாது. துளையைத் திறக்கும் வெயிலே மூடும் மருந்தைக் கெடுத்திருக்கிறது!

புதிதாகக் கலந்து, அலுமினியத் தாள் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் அதை விட்டுவிட்டு ஒரே ஒரு துளையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் ஓரங்கள் நெருங்கின, அரை மணியில் வெறும் கீற்று. முதலில் எதிர்மின் அயனிகளும் பிறகு பொட்டாசியமும் வெளியேற, தண்ணீர் வடிந்து செல்கள் தளர்ந்துவிடுகின்றன. அந்தக் கீற்றை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

உங்களில் யாராவது இப்படி நேரில் பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

பதில் 1

அக்கா, மூடத் தெரியாத இலையை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வகப் பாட்டிலில் வளர்த்த திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளை ஹார்டனிங் செய்யும், அதாவது வெளிக்காற்றுக்குப் பழக்கும் இடத்தில் நான்கு வருடம் வேலை. சேர்ந்த புதிதில் பாட்டிலிலிருந்து கன்றுகளை எடுத்து, வேரில் ஒட்டிய அகார் என்ற ஜெல்லியைக் கழுவி, மேசையில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். மேலே ஃபேன் ஓடியது. திரும்பி வந்தால் எல்லாம் தொங்கிக் கிடந்தன. பாட்டிலுக்குள் எப்போதும் முழு ஈரப்பதம் என்பதால் அந்த இலையில் மெழுகுப் பூச்சும் குறைவு, துளையும் சரியாக மூடாது. பிறகு ஒருநாள் இலையடியில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்துப் பார்த்தேன். வாடிய இலையிலும் துளைகள் அகலத் திறந்தே இருந்தன. நிழல்வலைக்கு உள்ளே ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புது இலை விட்ட பிறகு எடுத்த அச்சில்தான் மூடிய துளைகளைப் பார்த்தேன்.

பதில் 2

தெற்கு ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இங்கே ஒரு கொடிக்கு இரண்டு சொட்டுநீர்க் குழாய், வேருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டுமே தண்ணீர். காய்ந்த பக்கத்து வேரிலிருந்து நீங்கள் சொன்ன அதே அமிலம் இலைக்கு ஏறித் துளைகளைப் பாதி ஒடுக்கிவிடும். ஈரப் பக்கம் கொடியை வாடாமல் காக்கும். தேவையில்லாத தளிர் குறையும், தண்ணீரும் மிச்சம். ஆனால் ஒரே பக்கம் நெடுநாள் காய்ந்தால் அந்த வேர் தரும் சேதியும் மங்கிவிடும். அதனால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வால்வைத் திருப்பிவிடுவோம்.