வரலாறு மட்டும் படித்தவர் சமூக அறிவியல் ஆசிரியராகலாமா?

கேள்வி – வரலாற்று மாணவி
வணக்கம். வரலாற்றில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்துக் கல்வியியல் பட்டம் பெற்று சமூக அறிவியல் ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றையும் அதே ஆசிரியரே நடத்த வேண்டியிருப்பதால், வரைபடத்தைக் கண்டாலே தயங்கும் நான் இதற்குத் தகுந்தவள்தானா என்ற ஐயம் எழுகிறது. பணி கிடைக்கத் தாமதமானால் இந்தப் படிப்பு வேறு எந்தத் துறைக்கு உதவும்?

மறுமொழி – பணியிலுள்ள ஆசிரியர்
உங்கள் ஐயம் நியாயமானது. நானும் வரலாறு படித்து வந்தவன்தான். பயிற்சிக் காலத்தில் உலக வரைபடத்தை நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து, "கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரியதா ஐயா?" என்று கேட்டான், பதில் தெரியாமல் நின்றேன். 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபட அறிஞர் கடலோடிகளுக்காக வகுத்த, அந்த வரைபடத்தில் பயன்பட்ட முறை, திசைக்கோணம் மாறாமலிருக்கத் துருவப் பக்க நிலங்களைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதும், ஆப்பிரிக்காவே ஏறத்தாழ 14 மடங்கு பெரியது என்பதும் அன்றிரவு படித்த பிறகுதான் விளங்கின. மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோலை மேசையில் தட்டையாக அழுத்திக் காட்டினேன். அது ஓரங்களில் கிழிந்ததைக் கண்டதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. இதை யார், யாருக்காக, எதற்காக உருவாக்கினார்கள் என்று ஓர் ஆவணத்திடம் நீங்கள் கேட்கும் கேள்வியையே வரைபடத்திடமும் கேளுங்கள்; தயக்கம் தானாகக் குறையும்.

மறுமொழி – ஆசிரியர் பயிற்றுநர்
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் பொருளியலை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. பணவீக்கம் 8 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது என்றால் விலை இறங்கிவிட்டது என்றே பெரும்பாலான மாணவர்கள் எழுதுகிறார்கள். 100 ரூபாய்ப் பொருள் முதல் ஆண்டு 108 ஆகி, மறு ஆண்டு 113.40 ஆகிறது என்று கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினால்தான் பிழை தெரியும். மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை அறிந்து அதற்கேற்ற எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுப்பது, பாட அறிவுக்கும் பொதுவான கற்பித்தல் முறைக்கும் அப்பாற்பட்ட தனி அறிவு என்று கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் விளக்கினார். பயிற்சி வகுப்புகளில் உங்களுக்குக் கடினமான பாடத்தையே கேட்டு வாங்கி நடத்துங்கள்.

மறுமொழி – அருங்காட்சியகக் கல்விப் பிரிவு
உங்கள் இரண்டாவது கேள்விக்கு: அருங்காட்சியகக் கல்விப் பணி, பாடநூல் உருவாக்கம், ஆவணக் காப்பகம், இதழியல் ஆகியவை நெருங்கிய துறைகள், ஆவணக் காப்பகத்துக்குப் பெரும்பாலும் தனிப் பயிற்சி தேவை. எங்கள் பணியில் பழங்காசு ஒன்றைக் கொடுத்து, ஆண்டையோ மன்னர் பெயரையோ சொல்லாமல், தேய்ந்த பக்கம் எது, ஏன் தேய்ந்தது என்று பிள்ளைகளையே பேச வைக்கிறோம். வகுப்பறையில் பழகியவருக்கு இது எளிதாகக் கைவருகிறது. ஆனால் ஆசிரியப் பணி கிடைக்கும்வரை ஒதுங்கியிருக்கும் இடமாக இத்துறைகளைக் கருதாமல், விடுமுறையில் ஓரிரு வாரம் தன்னார்வலராக வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வரலாற்று மாணவி
மூவருக்கும் நன்றி. அடுத்த மாதப் பயிற்சி வகுப்புக்கு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாடத்தையே கேட்டிருக்கிறேன்.