மறுமொழி: டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிவைக்கும் குளோபுலினுக்குக் கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

விந்தகத்தில் சுரந்து குருதியில் கலக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குளோபுலின் வகைப் புரதத்துக்கு (ஆங்கிலத்தில் sex hormone-binding globulin) இவ்விழையில் இதுவரை ‘பால் ஹார்மோன் கடத்துபுரதம்’, ‘ஆண்மைக் கட்டுப்பாட்டுப் புரதம்’, ‘குருதிப் பிணைபுரதம்’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அப்புரதம் செய்கிற வேலையோடு அவை ஒட்டவில்லை என்பதே காரணம்.

வளர்ந்த ஆணின் குருதியில் 100 டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 44 இக்குளோபுலினிடமும், 50 ஆல்புமின் என்ற மற்றொரு குருதிப் புரதத்திடமும், மூன்று நான்கு கார்ட்டிசால் என்ற வேறொரு ஹார்மோனுக்கு உரிய புரதத்திடமும் இருக்கும். எதனிடமும் சிக்காமல் இருப்பவை இரண்டே. செல்லுக்குள் நுழைந்து, ஹார்மோனை ஏற்றுச் செயல்படும் ஏற்பியைச் சேர்பவை இந்த இரண்டுதான் என்பது நெடுங்காலமாக நிலவும் கருதுகோள். ஆல்புமினின் நாட்டம் (ஹார்மோனைப் பற்றும் வலிமை) குளோபுலினின் நாட்டத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அது லிட்டருக்கு 40 கிராம் அளவில் நிறைந்திருப்பதால் எண்ணிக்கையைக் கொண்டு ஈடுகட்டிவிடுகிறது. அது பிடித்ததை நொடிப்பொழுதில் விட்டுவிடும், குளோபுலின் அவ்வளவு விரைவில் விடாது. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் பிடிப்பதும் விடுவதும் தெரிய வேண்டும்.

‘கடத்துபுரதம்’ என்றதும் ஆக்சிஜனைச் சுமந்து சென்று திசுக்களில் இறக்கிவிடும் ஹீமோகுளோபின்தான் நினைவுக்கு வரும். இக்குளோபுலின் முதன்மையாகச் செய்வது ஹார்மோனை இருப்பில் வைத்து, அது விரைவில் சிதைந்து வெளியேறாமல் காப்பது. ‘பால் ஹார்மோன்’ என்பதைத் தாய்ப்பால் சுரப்போடு தொடர்புபடுத்திப் படிக்கும் மாணவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ‘பாலின ஹார்மோன்’ என்றால் அந்த இடர் இல்லை. ‘ஆண்மை’ என்ற சொல்லும் வேண்டாம்: இப்புரதம் பெண் ஹார்மோனான எஸ்ட்ரடையாலையும் பற்றும், பெண்களின் குருதியில் ஆண்களைவிட மிகுதியாகவே இருக்கும்.

‘கட்டுப்பாடு’ என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது. தைராய்டு மிகையாகச் சுரப்பவருக்குக் கல்லீரல் இக்குளோபுலினைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால் கட்டற்ற (எதனிடமும் சிக்காத) டெஸ்டோஸ்டிரோன் குறையத் தொடங்கியதும் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸும் அதன் கீழுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியும் அதை உணர்ந்து, விந்தகத்தைத் தூண்டும் லூட்டினைசிங் ஹார்மோனை உயர்த்த, விந்தகத்தின் லேடிக் செல்கள் கூடுதலாகச் சுரந்து குறையை நிரப்பிவிடும். முடிவில் மொத்த அளவு எகிறியிருக்கும், கட்டற்ற அளவு பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். உடற்பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவருக்கு இது தலைகீழாக நடக்கும்: குளோபுலின் குறைவதால் ஆய்வக அறிக்கையில் மொத்த அளவு டெசிலிட்டருக்கு வெறும் 250 நானோகிராம் என்று வந்து அவரைக் கலங்கடிக்கும், கட்டற்ற அளவைப் பார்த்தால் இயல்பாகவே இருக்கக்கூடும். அந்த ஒற்றை எண்ணை நம்பி டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு ஓடுவோர் நம் ஊரிலும் உண்டு. மரபணுத் திரிபால் இப்புரதமே இல்லாத ஆண் ஒருவரைப் பற்றி 2014-இல் வெளியான மருத்துவக் கட்டுரையில், அவருடைய மொத்த டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாக இருந்தும் விந்தக வளர்ச்சியும் விந்தணு உற்பத்தியும் இயல்பாக இருந்ததாகப் பதிவாகியுள்ளது. கடிவாளம் பிட்யூட்டரியின் கையில் இருக்கும்போது, அந்தப் பெருமையைக் குளோபுலினுக்குச் சூட்டுவது பொருந்தாது.

‘குருதி’யைப் பெயரிலேயே சேர்ப்பதற்கு எலிகள் தடை. வளர்ந்த எலியின் கல்லீரல் இப்புரதத்தை உண்டாக்குவதில்லை, ஆகவே அதன் குருதியில் இது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அதே மரபணுவைக் கொண்டு விந்தகத்தில் விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்கள் ஏறக்குறைய இதே புரதத்தை உண்டாக்கி விந்தக நுண்குழல்களுக்குள்ளும் விந்தணுக்கள் முதிரும் எபிடிடிமிஸ் என்ற குழாய்க்கும் அனுப்புகின்றன. இரண்டுக்கும் பொருந்தும் வேர்ச்சொல் ஒன்று இருந்தால் பாலூட்டிகளை ஒப்பிட்டு எழுதுவோருக்கு எளிதாக இருக்கும்.

எஞ்சியது ‘பிணை’. வேதியியலில் பிணைப்பு என்றால் சகப்பிணைப்பு, அயனிப்பிணைப்பு என்றே மாணவர் கற்கின்றனர்; செய்தித்தாள் படிப்பவருக்கோ அது ஜாமீன். இங்கே ஹார்மோன் சகப்பிணைப்பு எதுவுமின்றிப் புரதத்தின் குழிவில் மீளத்தக்க வகையில் பொருந்தி நிற்கிறது. ஆகையால் ‘பற்று’ என்ற வேரைப் பரிந்துரைக்கிறேன்: இதற்குப் ‘பாலின ஹார்மோன் பற்றுக் குளோபுலின்’, செர்டோலி செல்களின் வடிவத்துக்கு ‘ஆண்ட்ரோஜென் பற்றுப்புரதம்’ (ஆண்ட்ரோஜென் என்பது ஆண் ஹார்மோன்களின் பொதுப்பெயர்), குளோபுலினிடம் இருப்பது ‘இறுகப் பற்றியது’, ஆல்புமினிடம் இருப்பது ‘தளரப் பற்றியது’. தனித்து இருப்பதை மட்டும் ‘பற்றற்ற’ என்னாமல் ‘கட்டற்ற’ என்றே வைத்துக்கொள்வோம். பற்றற்ற டெஸ்டோஸ்டிரோன் என்றால் அது காவி உடுத்திக்கொண்டுவிடும். கட்டற்றதையும் தளரப் பற்றியதையும் கூட்டிச் சொல்வதற்குப் ‘பயன்படு டெஸ்டோஸ்டிரோன்’ போதும்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, ஆய்வக முறை ஒன்றை எழுதிப் பார்த்தேன்: “புரதம் புக முடியாத நுண்துளைச் சவ்வின் ஒரு பக்கம் சீரத்தையும் மறுபக்கம் தாங்கல் கரைசலையும் இட்டு, 37 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால், கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மட்டும் சவ்வைக் கடந்து இருபுறமும் சமநிலை எய்தும், பற்றுப்புரதங்களும் அவை பற்றியவையும் சீரத்தின் பக்கமே தங்கும்.” எங்கும் இடறவில்லை.

கடத்துபுரதத்தை ஆதரிக்கும் நண்பர்கள் மெகாலினைச் சுட்டிக்காட்டலாம். சில திசுக்களின் செல்கள் மெகாலின் என்ற ஏற்பியின் மூலம் குளோபுலினை ஹார்மோனோடு சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்வதாக 2005-இல் சுண்டெலி ஆய்வொன்று தெரிவித்தது. மெகாலின் இல்லாத சுண்டெலிகளில் விந்தகங்கள் சரிவரக் கீழிறங்கவில்லை. அதன் உடலியல் முக்கியத்துவம் குறித்து விவாதம் இன்னும் ஓயவில்லை. அது உறுதிப்பட்டாலும், உள்ளே போகும்போதும் புரதம் ஹார்மோனைப் பற்றிக்கொண்டுதான் போகும் என்பதால் ‘பற்று’ பழுதாகாது. தைராக்சினுக்கும் கார்ட்டிசாலுக்கும் உரிய குளோபுலின்களுக்கு இதே வேரைப் பயன்படுத்துவதில் தடை ஏதும் தென்பட்டால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.