புதுப்பிப்பு: பத்தமடைப் பாய் சைட்டும் காசுக்கு வாங்குன லிங்க்கும்

போன மாசம் புலம்பியிருந்தேன்லா, பாய் விக்கிற நம்ம சைட்டுக்கு ஒரு ஏஜென்சிகிட்ட பேக்லிங்க் (மத்த சைட்டுலேர்ந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்) வாங்கி, கூகுள்லயே காணாமப் போனேன்னு. அதோட தொடர்ச்சி இது.

சர்ச் கன்சோல்ல (சைட் வச்சிருக்கவங்களுக்கு கூகுள் தர்ற கருவி) லிங்க் பட்டியலை இறக்கிப் பார்த்தா முக்காவாசி சூதாட்ட சைட்டு. எல்லாத்துலயும் 'பெஸ்ட் மேட் ஆன்லைன்'னு ஒரே வார்த்தை. கோரைப்பாய்க்கும் சூதாட்டத்துக்கும் என்னவே சம்பந்தம்? (சீட்டாட பாய் வேணும்லான்னு தம்பி சொல்லுதான். அவன விடுங்க.)

ஏஜென்சிய எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் லிங்க் எடுத்தாங்க, அப்புறம் போனையே எடுக்கல. மிச்சத்தை டிஸ்அவோ ஃபைல்ல ('இந்த லிங்க்க கணக்குல எடுக்காதீங்க'ன்னு கூகுளுக்குக் கொடுக்கிற பட்டியல்) போட்டேன்: வெறும் டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு டொமைன். மறுபரிசீலனை பண்ணச் சொல்லி கூகுளுக்கு எழுதும்போது காசு கொடுத்துதான் வாங்குனேன்னு மறைக்காமச் சொன்னேன். 11 நாள்ல கைமுறை நடவடிக்கைய (கூகுள் ஆளுங்களே பாத்து என் சைட்டு மேல போட்டிருந்த தண்டனை) நீக்கிட்டாங்க.

ஆனா பழைய இடம் வரல. அந்த லிங்க் ஏத்திவிட்ட உயரம் அதோடயே போச்சு. ரெண்டாம் பக்கத்துல கிடக்கேன்.

எதிரி எவனாச்சும் கண்ட லிங்க்க விட்டா நமக்கும் இந்தக் கதியான்னு ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தாவ. 2012ல பெங்குவின் (மோசமான லிங்க்கப் பிடிக்கிற கூகுளோட நிரல்) வந்தப்ப அந்தப் பயம் நியாயம். 2016லேர்ந்து அது பெரும்பாலும் சைட்ட அமுக்காம, லிங்க்கத்தான் செல்லாததா ஆக்குது. சும்மா டிஸ்அவோ பக்கம் போய் நல்ல லிங்க்கயும் வெட்டிராதீங்க.

இப்ப, கோரையை ஓடுற தண்ணியில ஊறப்போட்டு, கீறி, நெய்யுறது வரைக்கும் போட்டோவோட ஒரு பக்கம் போட்டிருக்கேன். கைவினை பத்தி எழுதுற ஒருத்தவ தானாவே அதுக்கு லிங்க் கொடுத்திருக்காவ. ஒண்ணே ஒண்ணு.